மூன்று வல்லரசும் ஓர் உப்புத் தீவும்

அத்தியாயம் 4

பாசல் நகரத்தில் ஒரு தீவு காணாமல் போய்விட்டது என்று தில்லைநாயகி சொன்னபோது அந்தோனிதாஸ் சிரிக்கவில்லை. சிரித்தால் ஏமாந்தவன் ஆகிவிடுவோம் என்று அவருக்குப் பயம். அவளுடைய முகத்தைப் பார்த்தார். ரயில் ஜன்னலைப் பார்த்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எவ்வளவு பெரிய தீவு?"

"தேசிக்காய் அளவு."

"அப்ப மன்னாரை விடச் சின்னன்தான்" என்றார் அவர். மன்னார் அவருடைய சொந்த ஊர்.

சுவிட்சர்லாந்தில், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் தில்லைநாயகி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் அவர்தான் உதவியாள், சாரதி, சமையல்காரர், குறை பிடிப்பவர் எல்லாம். முன்பு தொழிற்சாலைகளைத் துடைத்து வயிறு வளர்த்தவர். சிரித்த முகத்தோடு வருகிறவர்களையும், வானிலை அறிக்கையையும், ஓட்டை விழுந்த சீஸையும் அவர் நம்புவதில்லை. தில்லைநாயகி ஐம்பதைத் தொட்டவள். காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகக் கடை விரித்தவள். அவர் அவளைப் 'பிள்ளை' என்பார். அவள் அவரை 'அண்ணை' என்பாள். மற்றபடி இரண்டு பேருக்கும் ஒத்து வராது.

ரயிலால் இறங்கி, எட்டாம் நம்பர் ட்ராமில் ரைன் ஆற்றுத் துறைமுகப் பக்கம் போனார்கள். செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் இதமாக இருந்தது. அதையும் அந்தோனிதாஸ் நம்பாமல் குடை கொண்டுவந்திருந்தார்.

மாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்த பெண் அழுது முடித்துவிட்டு முகம் கழுவியிருந்தாள். பெயர் தர்மிகா. மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை. கூடத்து மேசையை மூடியிருந்த துணியை அவள் இழுத்ததும் அந்தோனிதாஸ் தொப்பியைக் கழற்றினார். மேசை முழுக்கப் பசிபிக் சமுத்திரம். நீலப் பலகையில் தீவு தீவாகச் சிரட்டைத் துண்டும் சிப்பியும் மரக்கட்டையும் ஒட்டியிருந்தன. அத்தனையும் அவள் கையால் செய்தவை.

அது ஒரு விளையாட்டு. நடந்த சரித்திரத்தில், பழைய ஸ்பெயின் தன்னுடைய பசிபிக் தீவுகளை ஜெர்மனிக்கு விற்றுவிட்டுப் பேசாமல் போனது. தர்மிகாவின் மேசையில் ஸ்பெயின் விற்கமாட்டேன் என்று கால் ஊன்றி நின்றது. அங்கே இருந்து உலகம் வேறு வழியில் போகிறது. ஜெர்மனி கோபித்துக்கொண்டு சமோவாவை இங்கிலாந்துக்குக் கொடுத்து பீஜியை வாங்குகிறது. இங்கிலாந்து சமோவாவை என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்பெயினின் தலையில் கட்டிவிட்டு, கரோலின் தீவுகளில் பாதியைப் பிடுங்குகிறது. போன வருடம் தொடங்கிய அதே சரித்திரத்தைச் சனிக்கிழமை தோறும் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்து விளையாடி வந்தார்களாம். இப்போது பீஜியில் பிள்ளைகள் ஜெர்மன் பாடம் படிக்கிறார்கள். சமோவாவில் ஸ்பானியச் சாமிமார் திருநாள் நடத்துகிறார்கள்.

"தீவிலை இருக்கிற சனத்துக்கு ஆர் விளையாடுறது?" என்று அந்தோனிதாஸ் கேட்டார்.

ஒருவரும் இல்லை என்றாள் தர்மிகா.

"சரியாத்தான் செய்திருக்கிறாய். மன்னாரையும் பறங்கியிட்டை ஒல்லாந்தன் பறிச்சான், அவனிட்டை வெள்ளைக்காரன் பறிச்சான். எங்கடை ஆக்களை ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்கேல்லை."

தில்லைநாயகி அவருடைய சரித்திரத்தை அதோடு நிறுத்திவிட்டு, காணாமல் போன தீவைப் பற்றிக் கேட்டாள்.

அதன் பெயர் லோமாரி. உலகப் படத்தில் இல்லை, தர்மிகா பெற்ற பிள்ளை. பண்ணைகளில் மாடு நக்குவதற்குத் தொங்கவிடும் உப்புக்கட்டியை வாங்கி வெட்டிச் செய்தது. எல்லா வல்லரசுக்கும் லோமாரி வேண்டும். அதைக் கைமாற்றும்போது கட்டாயம் கையில் இருந்து கைக்குத்தான் கொடுக்க வேண்டும். கைமாறக் கைமாறத் தீவு தேயும். கடைசியில் வெல்கிறவனின் உள்ளங்கையில் மிஞ்சுவது ஒரு நுள்ளு உப்பு. இந்த ஒரு யோசனைக்காகத்தான் சூரிச்சில் விளையாட்டுகள் பதிப்பிக்கும் ஃப்ராவ் லூட்டி என்ற சுவிஸ்காரி இன்று பின்னேரம் வருகிறாள். ஒரு வருடம் தேய்ந்த அதே கல்லைக் கண்ணால் காணவேண்டும், புதிதாக வெட்டிய கல்லை யாரும் காட்டலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். கல் இருந்தால் விளையாட்டு அச்சுக்குப் போகும். தர்மிகா ஆய்வுகூடத்துக்கு ஒரு வருட லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சூரிச்சுக்குப் போய் அதை முடிப்பாள். கல் இல்லையென்றால் திங்கட்கிழமை வழக்கம்போல வெள்ளைக் கோட்டு.

நேற்று ஆட்டம் முடிகிற நேரம் ரைன் ஆற்றில் ஒரு கப்பல் ஊதியது. எல்லோரும் பல்கனிக்கு ஓடினார்கள். திரும்பி வந்த தர்மிகா பலகையைப் பாராமலே துணியால் மூடிவிட்டாள். இன்று காலை எடுத்துப் பார்த்தால் லோமாரி இல்லை.

அவள் கைப்பேசியில் தீவின் படங்களைக் காட்டினாள். முதல் மாதம் செங்கல்லுப் போல மூலையோடு இருந்தது, வரவரச் சிறுத்து, ஒரு பக்கத்தில் வளைவாகக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழிக்கு அவள் 'துறைமுகம்' என்று பெயர் வைத்து, விதிப் புத்தகத்தில் கப்பல் படமும் கீறியிருந்தாள். தில்லைநாயகி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தோனிதாஸ் அந்த நேரத்தில் ஒரு குளவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அது பல்கனிக் கதவால் வந்து, லோமாரி இருந்த வெற்றிடத்தில் குந்திக்கொண்டு அசைய மறுத்தது. அவர் தொப்பியை ஓங்கினார்.

"அடியாதேங்கோ அண்ணை. இந்த வீட்டிலை உண்மை சொல்லுற ஆள் அது ஒண்டுதான்" என்றாள் தில்லைநாயகி.

இப்படித்தான் அவள் எதையாவது சொல்லிவிட்டு விளக்கமாட்டாள். அந்தோனிதாஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

விளையாடுகிற வல்லரசுகள் மூன்று. ஜெர்மனி கிஷோபன், தர்மிகாவின் மச்சான், அவளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையும் அவன்தான். இங்கிலாந்து அவளுடைய அம்மா செல்வராணி. ஸ்பெயின் செல்வராணியின் தமையன் தவச்செல்வன். அவர் சீனி வருத்தக்காரர், தங்கச்சியோடு அதே வீட்டில் இருக்கிறார்.

ஜெர்மனி சமையலறை வாசலில் முறைத்துக்கொண்டு நின்றது. தர்மிகா காலையில் இருந்து அவனோடு கதைக்கவில்லை. காரணம் இருந்தது. காலையில் எல்லோரும் நித்திரையாக இருக்கும்போது ட்சோப் என்ற பின்னல் பாண் வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். மாமா தவச்செல்வன் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பவும் படுக்கப் போய்விட்டார். கூடத்தில் அவனும் பசிபிக் சமுத்திரமும் மட்டும். போதாததற்கு, அவள் சூரிச்சுக்குப் போனால் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று போன கிழமை அவன் முகத்தைத் தூக்கியிருந்தான்.

அந்தோனிதாஸுக்கு அதுவே போதும். அவனை உட்காரவைத்து, எடுத்த கல்லைப் பேசாமல் வைத்துவிடும்படி அன்பாகக் கேட்டார். அன்பாகக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லாததால் அது மிரட்டல் மாதிரியே வந்தது. கிஷோபன் கொதித்துப் போனான். கல்யாணம் தள்ளிப்போனால் கோபிப்பேன், அதற்காக அவளுடைய ஒரு வருட வேலையைத் தூக்கி எறிகிற ஆள் நான் இல்லை என்றான். கடைசியாகத் தீவு தன் கையில் இருந்ததை அவன் மறைக்கவில்லை. நியூகினியில் ஒரு துண்டுக்காக அதை இங்கிலாந்துக்குக் கொடுத்தானாம்.

"மாமியின்ரை உள்ளங்கையிலை வைச்சனான். அவவையே கேளுங்கோ."

செல்வராணியைக் கேட்டார்கள். அவர் கறிச்சட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல், ஓம், கையில்தான் வாங்கினேன், வாங்கிப் பலகையில் வைத்துவிட்டுக் கப்பல் பார்க்கப் போனேன் என்றார். ஸ்பெயினைக் கேட்டார்கள். சோபாவில் சாய்ந்திருந்த தவச்செல்வன் கையை விரித்தார். தனக்குக் கப்பல் பார்க்கிற ஆசை எல்லாம் இந்த நாட்டுக்கு வந்தபோதே விட்டுப்போய்விட்டது, சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன் என்றார். கடைசித் தடவையாகத் தீவை எப்போது வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் கைக்கு வரும், வந்தால் யோசிக்காமல் கொடுக்கமாட்டேன் என்றார்.

"மாமாவிட்டைத் தீவு போனா எங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம்" என்றாள் தர்மிகா. "அவ்வளவு யோசிப்பார். ஆனா ஒருநாளும் வென்றதில்லை."

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. துப்பறிய வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற வீடு இல்லை அது. புட்டும் மீன்குழம்பும் வந்தன. மீன்குழம்பில் உப்புக் காணாது. அந்தோனிதாஸ் அதைச் சொன்னால் மரியாதை இல்லை, சொல்லாமல் விட்டால் சாப்பிட முடியாது. உப்புப் போத்தலைத் தாருங்கோ என்று கையை நீட்டினார்.

செல்வராணி போத்தலை எடுத்து, நீட்டிய கையைத் தாண்டி மேசையில் வைத்தார். அந்தோனிதாஸ் கையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். செல்வராணியும் போத்தலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"உப்பைக் கையிலையோ வாங்கிறது? எடுங்கோ மேசையிலை இருந்து" என்றார், சின்னப் பிள்ளையை அதட்டுவது போல.

அந்தோனிதாஸின் வாய்க்குப் போன புட்டு அந்தரத்தில் நின்றது. அவருடைய தாயும் மன்னாரில் அப்படித்தான். மாதா படத்துக்குக் கீழே இருந்துகொண்டு, உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் வீட்டில் சண்டை வரும் என்று சத்தியம் பண்ணுவாள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும் அந்த விஷயத்தில் ஒரே வேதம்தான். அவர் அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு தில்லைநாயகியைப் பல்கனிக்கு இழுத்தார்.

பிடித்துவிட்டேன் என்றார். போத்தல் உப்பையே கையில் வாங்காத மனுசி, கட்டி உப்பை உள்ளங்கையில் வாங்கினாளாம். பச்சைப் பொய். மருமகனும் மாமியும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். பெட்டை சூரிச்சுக்குப் போகக்கூடாது, கல்யாணம் நடக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து தீவை ரைன் ஆற்றில் போட்டிருக்கிறார்கள்.

தில்லைநாயகி ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முழுதாகக் கேட்டாள். அவள் முழுதாகக் கேட்டால் அவருக்கு நடுக்கம்.

"அரைவாசி சரி அண்ணை. உப்பைக் கையிலை வாங்காத ஆள்தான் அவ. ஆனா ஒரு வருசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளுக்கு முன்னாலை வாங்கிக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறா. அதைப் பொய் எண்டு சொல்லேலாது. அப்ப என்ன மிச்சம்?"

"என்ன மிச்சம்?"

"வாங்கினது உப்பில்லை."

அந்தோனிதாஸ் திரும்பிப் பார்த்தார். உள்ளே பலகையில் அந்தக் குளவி இன்னும் குந்தியிருந்தது. உப்புக் கிடந்த இடத்தில் குளவிக்கு என்ன வேலை என்பது இப்போதுதான் அவர் மண்டைக்குள் ஏறியது. தன்னுடைய மண்டையில் அவருக்குக் கோபம் வந்தது.

சமையலறையில் செல்வராணி கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தில்லைநாயகி ஒன்றும் மிரட்டவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, தீவைக் கற்கண்டிலையோ செய்தனீங்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். செல்வராணி ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குசுகுசுவென்று எல்லாவற்றையும் கொட்டினார்.

முதலாவது சனிக்கிழமையே அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. கல்யாணம் பேசி வைத்த பிள்ளைகள் இரண்டும் உப்பைக் கைக்குக் கை மாற்றுகின்றன. மகளிடம் சொன்னால் சிரிப்பாள், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். அடுத்த கிழமைக்குள் தமிழ்க்கடையில் கற்கண்டு வாங்கிக் காய்ச்சி, அதே அளவுச் சதுரக் கிண்ணத்தில் ஊற்றி இறுக்கி, கல்லை மாற்றிவிட்டார். இனிப்பு கைமாறினால் நல்லதுதானே. கையில் கசிந்தபோது, உப்பென்றால் கசியும்தானே என்று மகளே விளக்கமும் சொன்னாள்.

"அவள் ஒரு நாளும் நாக்கிலை வைச்சுப் பாக்கேல்லையோ?" என்று அந்தோனிதாஸ் கேட்டார்.

"ஐயோ, வாயிலை வைக்கக்கூடாது எண்டுதானே அவைக்கு ஆய்வுகூடத்திலை முதலாவது பாடம்."

உண்மையான உப்புக்கல் மா வாளிக்குள் ஒளித்திருந்தது. செல்வராணி அதை எடுத்து, தில்லைநாயகியின் கையில் கொடுக்காமல், மேசையில் வைத்தார். மூலை கொஞ்சம்கூட மழுங்கவில்லை. அப்படியே செங்கல்.

அப்படியென்றால் கற்கண்டை எடுத்தது யார் என்று கேட்டதற்கு, தனக்குத் தெரியாது என்று செல்வராணி கடவுள் மேல் ஆணையிட்டார். காலையில் இருந்து உண்மையைச் சொல்லவும் முடியாமல், மருமகனை மகள் முறைப்பதைப் பார்க்கவும் முடியாமல் செத்துக்கொண்டிருக்கிறாராம். சண்டை வரக்கூடாது என்று செய்த வேலையே சண்டையாகிப் போனது என்று கண்ணைத் துடைத்தார்.

அந்தோனிதாஸுக்கு இரண்டாவது கோட்பாடும் உடைந்து போனதால், மூன்றாவதை யோசித்தார். குளவிதான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றார். தில்லைநாயகி எல்லோருக்கும் தேத்தண்ணி போடும்படி செல்வராணியிடம் சொல்லிவிட்டு, உப்புக்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டாள்.

தேத்தண்ணி கூடத்துக்கு வந்தது. மற்றவர்களுக்குச் சீனி போட்டது, தவச்செல்வனுக்குச் சீனி இல்லாதது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, நஞ்சைக் கொடுத்த மாதிரி முகத்தைச் சுழித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தார். தர்மிகா கவலையில் இருந்தாலும் அதைக் கவனித்தாள். சனிக்கிழமைகளில் இரண்டு கோப்பை சந்தோசமாகக் குடிப்பீர்களே, இன்றைக்கு என்ன என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி வேறு என்றார் அவர்.

தில்லைநாயகி துணியை அவிழ்த்து, கல்லைத் தவச்செல்வனுக்கு முன்னால் வைத்தாள். அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில்.

"தீவு கிடைச்சிட்டுது."

கூடம் அமளியானது. தர்மிகா ஓடிவந்தாள், கல்லைப் பார்த்தாள், நின்றாள். இது என்னுடைய கல்தான், ஆனால் தேயவில்லையே, ஒரு வருடம் எங்கே போனது என்று கத்தினாள். கிஷோபன், கண்டியோ, நான் எடுக்கேல்லை என்று பாய்ந்தான். நீ எடுத்துத்தான் வேறு கல் வைத்திருக்கிறாய் என்று அவள் பாய்ந்தாள். செல்வராணி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தார். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் ஒன்று தொடங்குகிற மாதிரி இருந்தது.

அந்தோனிதாஸும் வாய் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தில்லைநாயகி அவருடைய முழங்கையில் ஒரு நுள்ளு நுள்ளி, சோபாவைக் கண்ணால் காட்டினாள்.

ஸ்பெயின் யுத்தத்தில் சேரவில்லை. அதன் கை மெல்ல நீண்டது. கல்லை எடுத்தது. சும்மா பார்க்கிற மாதிரித் திருப்பியது. ஒரு மூலையை உதட்டுக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ஆசையாக ஒரு கடி கடித்தது.

தவச்செல்வனின் முகம் உள்ளே இழுத்துக்கொண்டது. கண் இரண்டும் வெளியே வந்தன. கோப்பைக்குள் துப்பிவிட்டு, இருமி, நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"இதென்ன சனியன், உப்பு" என்றார்.

யுத்தம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"உப்புத் தீவை உப்பெண்டு சொல்லி ஏன் துப்பினனீங்கள் ஐயா?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு வாயில் ஈரமும் இல்லை. இரண்டாவதோ மூன்றாவதோ சனிக்கிழமை, கையில் பட்டதைத் தற்செயலாக நக்கியபோது சொர்க்கம் திறந்ததாம். இந்த வீட்டில் சீனிப் போத்தலைப் பூட்டிச் சாவியைத் தங்கச்சி இடுப்பில் வைத்திருக்கிறாள். ஊரில் தேத்தண்ணிக்குக் கற்கண்டு கடித்துக் குடித்தவன், இங்கே வெறும் சாயத்தண்ணியை எத்தனை காலம் குடிப்பது. அதனால்தான் லோமாரி தன் கைக்கு வந்தால் யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டு வைத்திருப்பார். ஒரு கடி, ஒரு வாய் தேத்தண்ணி. பிறகு அதை மலிவாக ஜெர்மனிக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் நேற்று, தீவு இனிச் சூரிச்சுக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் மனம் தாங்கவில்லை. எல்லோரும் கப்பல் பார்க்க ஓடினார்கள். இனி எனக்கு ஆர் தருவினம் என்று மிச்சத்தை முடித்துவிட்டார்.

தர்மிகா மெதுவாகக் கைப்பேசியை எடுத்து, அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப துறைமுகம்?"

"முன் பல்லு" என்றாள் தில்லைநாயகி. "கைபட்டுத் தேயிறது சுத்திவரத் தேயும் பிள்ளை. ஒரு பக்கத்திலை மட்டும் குழி விழாது."

செல்வராணிக்கு வேறு ஒன்று உறைத்தது. "ஒரு வருசமா உங்கடை எச்சிலையோ அண்ணை நாங்கள் கைமாத்தினது?" என்றார். கிஷோபன் எழும்பிப்போய்க் கையைக் கழுவினான். திரும்பி வந்து, யோசித்துவிட்டுப் போய், இன்னொரு தடவையும் கழுவினான்.

தர்மிகா அவனுக்குப் பின்னாலேயே போனாள். என்ன சொன்னாள் என்று அந்தோனிதாஸுக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது கேட்டது. ஜெர்மனியை அவமானப்படுத்திவிட்டீர்கள், பீஜியோடு சேர்த்துத் தஹிதியும் தந்தால்தான் சமாதானம் என்றான். தஹிதி பிரான்சுடையது, என்னாலே தரமுடியாது என்றாள் அவள். ஆனால் குரலில் காலையில் இருந்த கத்தி இல்லை.

சமாதானம் சரி, கல் எங்கே? தேய்ந்த கல்லைச் செய்தது சரித்திரமும் இல்லை, வியாபாரமும் இல்லை, மாமாவின் பல். உண்மையான உப்பு இவ்வளவு சீக்கிரம் தேயாது, விளையாட்டின் உயிரே பொய் என்று தர்மிகா மேசையில் தலையை வைத்துவிட்டாள். அந்தோனிதாஸுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் ஒரு வழி சொன்னார். செல்வராணியிடம் கைவசம் இன்னொரு கற்கண்டுக் கட்டி இருக்கிறதாம், இறுகாமல் போனால் தேவைப்படும் என்று ஒன்று கூடுதலாகச் செய்து வைத்தது. அதைத் தவச்செல்வனின் வாயில் கொடுத்தால், பின்னேரத்துக்குள் ஒரு வருடத் தேய்மானம் கிடைக்கும். ஃப்ராவ் லூட்டி நக்கியா பார்க்கப்போகிறாள்?

தவச்செல்வன் உடனே ஒத்துக்கொண்டார். நாட்டுக்காக எதையும் செய்வேன் என்றார்.

தர்மிகா தலையை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தாள்.

"இல்லை. நடந்ததைச் சொல்லப்போறன்" என்றாள்.

அழைப்பு மணி அடித்தது.

ஃப்ராவ் லூட்டி நரைத்த தலையும், மழைக்கோட்டும், சிரிக்காத வாயுமாக வந்தாள். சிரிக்காதபடியால் அந்தோனிதாஸுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது. தர்மிகா ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு கற்கண்டானது, துறைமுகம் பல்லானது, மூன்று வல்லரசும் ஒரு வருடம் ஒப்பந்தம் பேசிக் கொடுத்து வாங்கியது. அந்தோனிதாஸ் தொழிற்சாலைகளில் படித்த ஜெர்மனை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தார். மிச்சத்தை அந்த வெள்ளைக்காரியின் முகத்தில் பிடிக்கப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, சுவர்.

தர்மிகா முடித்தாள். ஒரே ஒரு கேள்வி என்றாள் ஃப்ராவ் லூட்டி. தீவைத் தின்றது எந்த நாடு?

தவச்செல்வன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். "ஸ்பானியன்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லி, மன்னிப்பும் கேட்டார்.

மற்ற நாடுகள் கவனிக்கவில்லையா என்று அடுத்த கேள்வி. ஒரு கேள்வி என்று சொன்னவள் இரண்டு கேட்கிறாள் என்று அந்தோனிதாஸ் மனதுக்குள் குறித்துக்கொண்டார். கவனிக்கவில்லை, நாங்கள் தீவைக் கைமாற்றுவதில் மும்முரமாக இருந்தோம் என்றான் கிஷோபன்.

ஃப்ராவ் லூட்டி விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினாள். கூடத்தில் செல்வராணி மூச்சுவிடுவது கேட்டது. தர்மிகாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"தீவைத் தின்னக்கூடாது என்று இதில் எங்கேயும் இல்லை" என்றாள் ஃப்ராவ் லூட்டி.

இல்லை என்றாள் தர்மிகா.

"அப்படியென்றால் இனியும் எழுதவேண்டாம்."

மழைக்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். அந்தப் பழைய ஸ்பானியரை எழும்பச் சொல்லிவிட்டு, அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஆட்டம் முழுதாக விளையாடிப் பார்க்காமல் தான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைப்பதில்லை என்றாள். செல்வராணி உள்ளே ஓடிப்போய் இரண்டாவது கட்டியை எடுத்துவந்து, இரண்டு கையாலும் பிடித்து, வெள்ளைக்காரியின் உள்ளங்கையில் வைத்தார். தவச்செல்வன் அந்தக் கையைப் பார்த்த பார்வையை அந்தோனிதாஸால் பார்க்க முடியவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்த்தார்.

புதிய ஸ்பெயின் மெதுவாக விளையாடியது. சமோவாவை ஜெர்மனிக்குக் காட்டியது, பிறகு மனம் மாறியது. லோமாரியைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையைக் குனிந்து பார்த்து, நெடுநேரம் யோசித்தது. செல்வராணி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தது. பிறகு தீவை இங்கிலாந்திடம் நீட்டியது.

தீவில் ஒரு மூலை இல்லை. ஃப்ராவ் லூட்டியின் வலது கன்னம் கொஞ்சம் புடைத்திருந்தது.

அந்தோனிதாஸ் வாயைத் திறந்தார். தில்லைநாயகி மேசைக்கு அடியில் அவருடைய காலை நன்றாக மிதித்தாள்.

"அவ கையெழுத்து வைக்கும்வரைக்கும் பொறுங்கோ அண்ணை."